சிறு பெட்டியும் பெருங்கப்பலும்

புணர்ச்சி இலக்கணம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் கப்பற் சரக்கைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பை விளைக்கலாம். ஆயினும், சொல்லோடு சொல் சேருங்கால் எழும் வினாக்களும், பெட்டியோடு பெட்டி சேருங்கால் எழும் வினாக்களும் பெரிதும் வேறல்ல. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அடுக்கும்போது எது மாறவேண்டும், எது மாறாதிருக்கவேண்டும், அச்சேர்க்கை எதனால் நிலைபெறும் என்பனவே ஈரிடத்தும் எழும் வினாக்கள். இவற்றுக்குக் கொழும்புத் துறைமுகம் ஒருவாறு விடை கண்டுவிட்டது. வன்னிப் பெருநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கொக்கிளாய்க் கரை இன்னும் விடை காணவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்பில் முதற் கொள்கலன் முனையம் எழுந்தது 1985ஆம் ஆண்டில். பெருங்கப்பல்கள் அணையத்தக்க ஆழமுடைய தெற்கு முனையம் 2013இல் தொழிற்படலாயிற்று. 2025 ஏப்ரலில் மேற்கு முனையமும் தன் பணியைத் தொடங்கியது. இருபதடிக் கொள்கலனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுமிடத்து, 2021ஆம் ஆண்டில் மட்டும் இத்துறைமுகம் 72 இலட்சம் அலகுகளுக்கு மேற் கையாண்டது. அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்கு வருவனவுமல்ல, இலங்கையினின்று செல்வனவுமல்ல. அயல்நாட்டுத் துறைகளிலிருந்து சிறு கப்பல்களில் வந்திறங்கிப் பெருங்கப்பல்களுக்கு மாறிச் செல்வனவே அவை. எனவே, கொழும்பின் செல்வம் சிறியவற்றைப் பெரியதனோடு சேர்த்துவிடும் தொழிலால் வந்த செல்வம் என்பது தெளிவு. பிறநாட்டுச் சிறு சரக்கைச் சேர்த்து வாழும் ஒரு நாடு, தன் கரையிலுள்ள சிறு சரக்கைச் சேர்க்க மறந்திருப்பதே யான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

கொள்கலன் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் இவ்விடத்து வேண்டப்படும். முன்னாளில் மூடையும் பெட்டியும் பீப்பாயும் தனித்தனியே தோளிற் சுமக்கப்பட்டுக் கப்பலேறின. ஒரு கப்பல் கடலில் ஓடும் நாளினும் துறையிற் கட்டுண்டு கிடக்கும் நாள் மிகுந்த காலமும் உண்டு. அமெரிக்காவில் லொறிப் போக்குவரத்துத் தொழில் நடத்திய மல்கம் மக்லீன் என்பார், லொறியிலுள்ள பொருளை இறக்கிக் கப்பலில் ஏற்றுவதைவிட லொறியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் ஏற்றினாலென்ன என்று எண்ணினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க் துறையினின்று ஹியூஸ்ரன் நோக்கிப் புறப்பட்டது. உதிரியாக ஏற்றினால் தொன்னுக்கு 5 டொலர் 86 சதம் ஆகிய செலவு, பெட்டியாக ஏற்றியபோது ஏறத்தாழ 16 சதமாகக் குறைந்தது என்பர். உலக வாணிகத்தின் போக்கை மாற்றியது இக்கணக்கே.

ஆனால், பெட்டி தோன்றியவுடன் எல்லாம் சீராகிவிடவில்லை. மக்லீனின் நிறுவனம் 35 அடிப் பெட்டியை வழங்கியது. பசிபிக் கடலில் தொழில் நடத்திய மற்றொரு நிறுவனம் 24 அடிப் பெட்டியை வழங்கியது. ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலிற் பொருந்தாது. ஒருவர் கொக்கி மற்றவர் பெட்டியைத் தூக்காது. பலருடைய பெட்டிகளும் ஒன்றோடொன்று சேரவேண்டுமாயின் பொது அளவு வேண்டும் என்பது விரைவில் உணரப்பட்டது. அதன்பொருட்டுச் சர்வதேச தரநிர்ணய நிறுவனம் 1961இல் ஒரு குழுவை அமைத்தது. பெட்டியின் மூலைகளைப் பூட்டும் அமைப்பின் மீது தமக்கிருந்த காப்புரிமையை மக்லீனின் நிறுவனத்தார் 1963இல் யாவரும் பயன்கொள்ள விட்டுக்கொடுத்தனர். தம் பூட்டைத் தமக்கே வைத்திருந்தால் அது ஒரு நிறுவனத்தின் பூட்டாகவே இருந்து மறைந்திருக்கும்; உலகுக்குக் கொடுத்தமையால் உலகின் பூட்டாயிற்று.

அக்குழு கண்ட அளவுகளை மாணவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தல் நன்று. பெயரளவில் 10 அடி, 20 அடி, 30 அடி, 40 அடி என நான்கு நீளங்கள். ஆயின் உண்மையில் முழு நீளமுடையது நாற்பதடிப் பெட்டி ஒன்றே. முப்பதடி எனப்படுவது 29 அடி 11¼ அங்குலம். இருபதடி எனப்படுவது 19 அடி 10½ அங்குலம். பத்தடி எனப்படுவது 9 அடி 9¾ அங்குலம். இக்குறை ஏன் வந்தது? இரண்டு இருபதடிப் பெட்டிகளின் நீளத்தைக் கூட்டினால் 39 அடி 9 அங்குலம் வரும். எஞ்சிய 3 அங்குலம் அவ்விரண்டுக்கும் இடையே விடப்பட்ட வெளி. நான்கு பத்தடிப் பெட்டிகளைக் கூட்டினால் 39 அடி 3 அங்குலம் வரும். அவற்றிடையே மூன்று வெளிகள். வெளி ஒன்றுக்கு 3 அங்குலமாக 9 அங்குலம். ஆகமொத்தம் சரியாக 40 அடி. எனவே, சிறு பெட்டி ஒவ்வொன்றும் தன் நீளத்திற் சிறிதைப் பொதுவுக்கென விட்டுக்கொடுத்திருக்கின்றது. இணைக்கும் இரும்புப் பூட்டு நிற்பது அவ்விட்ட இடத்திலேதான்.

இவ்விடத்து எமது இலக்கணம் தானே நினைவுக்கு வருகின்றது. உயிரீற்றுச் சொல்லின் முன் உயிர்முதற் சொல் வந்தால் அவ்விரண்டும் தாமாக உடம்படா. இடையே யகரமோ வகரமோ வந்து நின்று அவற்றை உடம்படுத்தும். கரை என்பதும் ஓரம் என்பதும் சேர்ந்து கரையோரம் ஆகின்றன. கரையும் கெடவில்லை, ஓரமும் கெடவில்லை. நடுவே நின்ற ஓர் எழுத்து இரண்டையும் ஒரு சொற்போல நடத்துகின்றது. மூன்றங்குல வெளியில் நிற்கும் பூட்டு கொள்கலன்களின் உடம்படுமெய் எனலாம். இஃது ஒருவகைச் சேர்க்கை. மற்றொரு வகையும் உண்டு. மரம், வேர் என்னும் இரண்டும் சேருங்கால் மகரம் கெட்டு மரவேர் என்றாகும். அச்சேர்க்கையில் ஒன்று தன் உறுப்பை இழக்கின்றது. மொழிக்கு இவ்விரு வகையும் வேண்டும். வாணிகத்தில் எவ்வகைச் சேர்க்கை நிகழ்கின்றது, இழப்பவர் யார் என்பது பார்த்துத் தெளியவேண்டிய செய்தி.

இணைப்பினால் வரும் பயன் எளிதில் விளங்கும். பாரந்தூக்கி ஒருமுறை சென்று மீள்வதற்கு ஆகும் நேரம், அது தூக்குவது பத்தடியாயினும் நாற்பதடியாயினும் ஏறத்தாழ ஒன்றே. நான்கு பெட்டிகளை நான்கு முறை தூக்குவதை விட்டு ஒருமுறை தூக்கினால் நேரம் மிஞ்சும். துறையில் நிற்கும் நேரத்துக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். அன்றியும், கொள்கலன் கப்பலின் அறைகள் இருபதடிக்கும் நாற்பதடிக்குமென அமைந்தவை. தனித்து நிற்கும் பத்தடிப் பெட்டிக்கு அங்கே இடமில்லை. இணைந்து வந்தால் இடமுண்டு.

இனி, இணைப்பின் விலையையும் மறைக்காமற் கூறவேண்டும். வெறுமையான இருபதடிப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 2,200 கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. இரண்டு சேர்ந்தால் 4,400க்கு மேல். ஒரே நாற்பதடிப் பெட்டியோ 3,800க்குள் அடங்கும். சிறு பெட்டிகள் பல சேரும்போது சுவர்களின் தொகை பெருகுகின்றது. சுவரின் நிறைக்கும் கூலி உண்டு. மேலும், நாற்பதடிப் பெட்டிக்கு நெடுங்காலம் வகுக்கப்பட்டிருந்த மொத்த நிறையின் எல்லை 30,480 கிலோகிராம். நிறையச் சரக்கேற்றிய இரண்டு இருபதடிகளைப் பூட்டி ஒரு நாற்பதடியென நடத்தினால் அவ்வெல்லை மீறப்படும். பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆளும் நேரமும் வேண்டும். இக்காரணங்களால் வணிகவுலகம் பத்தடிப் பெட்டியைப் பெரும்பாலும் கைவிட்டு, இருபதையும் நாற்பதையுமே போற்றலாயிற்று.

அங்ஙனமாயின் ஒரு பெட்டியை நிரப்பமாட்டாத சிறு வணிகன் என்செய்வான்? அவன் பொருளைச் சரக்குச் சேர்ப்போரிடம் ஒப்படைக்கின்றான். அவர் பலருடைய பொருள்களையும் தம் களஞ்சியத்திற் கூட்டி ஒரே பெட்டியில் அடைத்து அனுப்புகின்றார். கொழும்பில் இத்தொழில் நன்கு வளர்ந்துள்ளது. துணிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் அது தக்க வழியே. மீனுக்கு அது வழியன்று. நண்டும் இறாலும் ஒரே குளிர்நிலையில், ஒரே பொறுப்பில், இடையிற் பெட்டி திறக்கப்படாமற் செல்லவேண்டியவை. எனவே, பெரும் பெட்டியை நிரப்பத்தக்க ஒருவர்க்கே அவ்வாயில் திறக்கும். அந்த ஒருவர் எவரோ, அவரே விலை சொல்பவர். கரையில் நிற்கும் பலரும் அவர் சொல்லுக்குள் மறைந்துபோகின்றனர். கெடுதல் விகாரம் என்று யான் கூறியது இதனைத்தான்.

ஆயினும், சிறு பெட்டியை இணைக்கும் முறை முற்றாக ஒழிந்துவிடவில்லை. அமெரிக்கப் படைத்துறையினர் அதனை இன்றும் கைக்கொள்கின்றனர். மூன்று சேர்ந்தால் ஓர் இருபதடியாகும் பெட்டியொன்றும், நான்கு சேர்ந்தால் ஓர் இருபதடியாகும் பெட்டியொன்றும் அவர்களிடம் உண்டு. மும்மைப் பெட்டியின் ஒரு பக்கம் 6 அடி 5½ அங்குலம். மூன்றையும், அவற்றிடையே இரண்டு வெளிகளையும் கூட்டிப் பார்த்தால், முற்கூறிய 19 அடி 10½ அங்குலம் வழுவாமல் வரும். கூலி மிகுமென்று வணிகர் விட்டதனைப் படையினர் விடாமைக்குக் காரணம் யாது? பெருந்துறையில் இறங்கும் பொருள், தெருவும் பாரந்தூக்கியும் இல்லாத கடைக்கோடி இடம்வரை அவர்க்குச் சென்றாகவேண்டும். பெரிய பெட்டி சிறிய இடத்துக்கு வராது. சிறிய பெட்டி தனியே பெரிய கப்பலேறாது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்ப்பது இணைப்பு ஒன்றே. ஆகவே, இணைப்பு என்பது கடைக்கோடிக்காரரின் கருவி. கொக்கிளாய் அத்தகைய கடைக்கோடி.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென் எல்லையில், 1951இல் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட களப்பின் வடகரையில் உள்ளது இவ்வூர். களப்பின் வாய்க்குத் தெற்கே திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. அங்குள்ள கனிம மணலை அகழ்வதற்கென 1957இல் அரசினர் ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தனர். இல்மனைற்று மணலை ஏற்றுவதற்குக் கப்பல்கள் அக்கரையை நாடியே வந்தன. போர்க்காலத்திற்கூட வந்தன, அவ்வாறு வந்து நின்ற கப்பலொன்று 1997இற் கடலில் தாக்கப்பட்டதும் உண்டு. வடகரையின் கதை வேறு. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2009இற் போர் முடிந்த பின்னரே அவர்கள் தம் மண்ணை மீண்டும் மிதித்தனர். கால் நூற்றாண்டின் பின் வந்தவர்க்குப் படகும் வலையும் புதிதாகத் தேடவேண்டியனவாயின; கரையிலே பாடுகளின் உரிமை பற்றிய வழக்குகளும் எழுந்தன. ஒரே களப்பின் இரு கரைகளுள், ஒருகரை மணல் கப்பலை அழைத்தது. மறுகரை மீனால் ஒரு பெட்டியையும் அழைக்க முடியவில்லை. மணலின் மதிப்பு மிகுதி என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. மணல் ஒரே குவியலாய் ஒரே கையில் இருந்தது. மீனோ பல படகுகளிற் பலர் கையிற் பிரிந்து கிடந்தது.

அண்மையில் அக்கரைக்குச் சென்றிருந்தேன். காலைப் பாடு முடிந்து படகுகள் கரையேறின. ஒவ்வொரு படகின் மீனும் வெவ்வேறு அளவான ரெஜிபோம் பெட்டிகளில் நொறுக்கிய ஐஸுடன் இடப்பட்டு, வெளியூரிலிருந்து வந்து நின்ற லொறியை நோக்கிச் சென்றது. பெட்டியும் லொறிக்காரருடையது, தராசும் அவருடையது, ஐஸும் அவர் கொணர்ந்தது. விலையை மட்டும் மீனவர் கேட்பதுண்டா என்று ஒரு முதியவரை வினவினேன். “மீன் பொறுக்காது மாஸ்ரர், நாங்கள்தான் பொறுக்கவேணும். ஐஸ் உருகிறதுக்குள்ள அவர் சொல்லுற விலைக்குக் குடுத்திடவேணும். வலைக்குக் காசும் அவரெல்லோ தந்தவர்” என்றார். இக்கூற்றின் கடைசி வாக்கியமே முழுச் செய்தியும். வலை வாங்க முற்பணம் தந்தவருக்கே மீனைக் கொடுக்கவேண்டும் என்னும் கட்டு இருக்கும்வரை, பெட்டி மாறினாலும் பிழைப்பு மாறாது. ஏற்கெனவே ஒரு பூட்டு விழுந்திருக்கும் மூலையில் வேறு பூட்டு ஏறுவதில்லை.

இதற்கு வழி கண்டவர்கள் தமிழ்க் கரையிலேயே உளர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்தின் தென்கரையிலும் ஊர்தோறும் அமைந்த மீனவர் சங்கங்கள் ஒன்றுகூடி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்தன. ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமைக் கூட்டமைப்பு என மூன்று படிகள் அதற்குண்டு. உறுப்பினர் தம் மீனைச் சங்கத்தின் வழியாகவே கரையில் ஏலமிடுவர். விற்ற பணத்தினின்று ஒரு பங்கு கடனுக்கும் ஒரு பங்கு சேமிப்புக்கும் கழிக்கப்படும். வலைக்கும் படகுக்கும் வேண்டிய கடனைச் சங்கமே ஒழுங்கு செய்யும். விற்பனையையும் கடனையும் ஒருங்கே சேர்த்தமைதான் அதன் நுட்பம். கடன் ஒருவரிடமும் விற்பனை மற்றொருவரிடமும் இருந்தால், கடன் கொடுத்தவரே வெல்வார் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

எமது வடகரையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. அவற்றின் மேல் சமாசங்களும் உண்டு. வடிவம் இருக்கின்றது, வேண்டுவது தொழிற்பாடு. அதற்கு யான் கூறுவன மூன்று. முதலாவது, பொது அளவு. கொக்கிளாயிலிருந்து நாயாறு, செம்மலை, அளம்பில் வழியாக முல்லைத்தீவு வரையுள்ள கரையெங்கும் ஒரே அளவான மீன்பெட்டி, ஒரே விகிதமான ஐஸ், சங்கத்தின் சொந்தத் தராசு ஆகியன வழங்கவேண்டும். இரண்டாவது, இடைவெளி. எவர் பெட்டி எவருடையது என்னும் இலக்கம் கடைசிவரை அழியாதிருக்கவேண்டும். கூட்டிய சரக்கின் பணம் அவரவர் இலக்கப்படி பிரிந்து வரவேண்டும். மூன்றாவது, பூட்டு. தரத்துக்கும் கடனுக்கும் சங்கமே எழுத்தில் பொறுப்பேற்கவேண்டும். சிறிய லொறியில் ஏறத்தக்க பத்தடிக் குளிர்ப்பெட்டி ஒன்று கொக்கிளாயிலிருந்தும், மற்றொன்று அளம்பிலிலிருந்தும் வந்து முல்லைத்தீவிற் சேருமாயின், அவ்விரண்டும் ஓர் இருபதடியின் அளவு. அது கப்பல்வரை செல்லவேண்டுமென்பதும் இல்லை. ஏற்றுமதியாளரின் குளிரறை வரை சங்கத்தின் பெயரோடு சென்றாலே விலை பேசும் இடம் கரையினின்று மாறிவிடும்.

சேர்க்கை பொறுப்பையும் சேர்த்தே கொணரும் என்பதனை மறத்தலாகாது. 2021 மே 20ஆம் நாள் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றியது. அதில் இருந்த கொள்கலன்கள் 1,486. அவற்றுள் நைத்திரிக்கமிலம் ஏற்றிய பெட்டியொன்று கசிவது முன்னரே அறியப்பட்டிருந்தும், வழியிலிருந்த துறைகளில் அதனை இறக்க இடம் கிடைக்கவில்லை. ஜூன் 2ஆம் நாள் கப்பல் அமிழலாயிற்று. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக்கரை முழுவதும் ஒதுங்கின. எத்தனையோ மீனவர் தொழில் இழந்தனர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. ஒரு பெட்டியின் கசிவு ஊரின் தீயாயிற்று. மீன் வாணிகத்திலும் இத்தகைய பாடம் உண்டு. ஆழ்கடற் கலங்களின் முறைகேடுகளைத் தடுக்கத் தவறியமையைக் காரணங்காட்டி, இலங்கைக் கலங்கள் பிடித்த மீனை 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. 2016இலேதான் தடை நீங்கியது. தவறு செய்யாதவனும் அதனோடு தண்டனை பெற்றான். ஆதலின், ஐஸ் குறைந்த ஒரு பெட்டியை நட்புக் கருதி உள்ளே விடும் சங்கம், நூறு பெட்டிகளின் விலையை ஆற்றில் விடும் சங்கமாகும்.

சங்கங்கள் சிலர் கைக்குள் அடங்கிவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. சங்கத்துட் புதிய சம்மாட்டி ஒருவர் தோன்றிப் பழைய முதலாளியின் இடத்தில் அமர்தலும் கூடும். அதற்குக் காப்பு, யான் இரண்டாவதாகக் கூறிய இடைவெளியே. கணக்குப் பொதுவில் வாசிக்கப்படும் சங்கத்தில், ஒவ்வொருவர் இலக்கமும் தனித்து நிற்கும் சங்கத்தில், ஒருவர் மற்றவரை விழுங்குதல் அரிது. மூன்றங்குலம் விடாமல் நெருக்கிவைத்த பெட்டிகள் நாற்பதடிக்குட் கிடக்குமேனும், பூட்டு நுழைய இடமின்றி அலைவந்த நாளில் ஒன்றையொன்று மோதிச் சிதையும்.

அரசினர் செய்யவேண்டியதும் சிறிதுண்டு. துறைமுகத்தில் முனையங்கள் எழுப்பியவர்க்குக் கொக்கிளாய்க் கரையில் ஓர் ஐஸ் நிலையமும், சங்கத்துக்கு இரண்டு குளிர்ப்பெட்டிகளும், முற்பணக் கடனை மீட்க ஒரு தொகையும் பெருஞ்செலவல்ல. கற்றோர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கணக்கெழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஊர்தோறும் வாரத்தில் ஒருநாள் சங்கத்தின் பேரேட்டைப் பார்த்துக்கொடுப்பாராயின், அது பல மேடைப்பேச்சுகளினும் பயனுடைத்து. எம் மாணவர் பலர் அக்கரை ஊர்களினின்று வந்தவர்களே. இத்தொண்டை அவர்களிடமிருந்து எதிர்பார்த்தல் மிகையாகாது.